அமெரிக்க மாஜாங்: மேசையில் உட்காரும் முன் கார்டை வாசிக்கப் பழகுங்கள்

அமெரிக்காவில் ஊர் நூலகத்திலோ முதியோர் மையத்திலோ நாலு பேர் ஒரு சதுர மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காய்களைக் கடகடவென்று கலைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மாஜாங். எட்டிப் பார்த்தால் கூப்பிட்டு உட்காரவும் வைப்பார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பல வருடமாக ஆடுபவர்களுக்குச் சொல்லித் தருவது கொஞ்சம் கஷ்டம். காய்களின் பெயரை ஐந்து நிமிடத்தில் ஒப்பித்துவிட்டு, மடித்த கார்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "ஆட ஆடத் தானா வந்துடும்" என்பார்கள். வராது. நான் திணறியதெல்லாம் அந்தக் கார்டில்தான். கூட உட்கார்ந்து கற்ற மற்றவர்களும் அங்கேதான் திணறினார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் கார்டுக்குத்தான் அதிக இடம்.

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. எடுப்பது, எறிவது, சேர்ப்பது, ஜோக்கர் எல்லாம் இங்கேயும் உண்டு. ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: ரம்மியில் செட்டும் சீக்வென்ஸும் நம் இஷ்டம். இங்கே கார்டில் அச்சடித்த வரிகளில் ஏதாவது ஒன்றை அச்சு அசலாகச் சேர்த்தால்தான் ஜெயிப்பு. கார்டில் இல்லாத அழகான கை எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைதான்.

1. எந்த மாஜாங் என்று முதலில் கேளுங்கள்

மாஜாங் என்ற ஒரே பெயரில் ஹாங்காங் முறை, ஜப்பானிய ரீச்சி, அமெரிக்க முறை என்று பல ஆட்டங்கள் இருக்கின்றன. காய்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆட்டம் வேறு. யூடியூபில் தேடினால் எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. வீடியோவில் கார்டு, ஜோக்கர், சார்ல்ஸ்டன் (தொடக்கத்தில் காய்களைக் கைமாற்றுவது) இந்த மூன்றையும் பேசவில்லை என்றால் மூடிவிடுங்கள், அது உங்களுக்கான ஆட்டம் இல்லை.

அடுத்த கேள்வி, எந்தக் கார்டு? பெரும்பாலான மேசைகளில் நேஷனல் மாஜாங் லீக் வெளியிடும் கார்டுதான் ஓடுகிறது. நியூயார்க்கில் 1937-இல் தொடங்கிய அமைப்பு அது. வேறு சிலரும் கார்டு வெளியிடுகிறார்கள். நாலு பேரும் ஒரே கார்டில் ஆட வேண்டும் என்பதால் இதைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

2. காய் வாங்காதீர்கள், கார்டை வாங்குங்கள்

புதியவர்கள் ஆர்வத்தில் முதலில் வாங்குவது காய்ப்பெட்டி. அவசரமே இல்லை. மேசைக்கு ஒரு பெட்டி போதும், அது ஏற்கனவே அங்கே இருக்கும். கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று தேவை. லீக் கார்டு 2025-இல் சாதாரண எழுத்தில் 14 டாலர், பெரிய எழுத்தில் 15 டாலர். கண்ணாடி போடுகிறவர்கள் யோசிக்காமல் பெரிய எழுத்தை வாங்குங்கள். அந்த ஒரு டாலரில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கார்டு வருடாவருடம் மாறும். புதியது ஏப்ரல் வாக்கில் கைக்கு வரும். ஜனவரியிலேயே ஆர்டர் கொடுத்து வைப்பவர்களுக்கு முதல் தபாலில் வந்துவிடும். புதியது வந்ததும் பழைய வரிகள் செல்லாது. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் கற்கத் தொடங்குகிறவர்கள் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். யாரிடமாவது பழையதை இரவல் வாங்கிப் பழகிவிட்டு, ஏப்ரலில் புதியதை வாங்கலாம். வரிகள் மாறினாலும் வாசிக்கும் முறை மாறாது.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் போலிக் கார்டுகளும் உண்டு. அச்சுப்பிழை உள்ள கார்டை வைத்துக்கொண்டு இல்லாத கையைச் சேர்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை. லீக்கிடமே நேராக வாங்குங்கள்.

பிறகு பெட்டி வாங்கும் ஆசை வந்தால் (வரும்), ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: அமெரிக்க ஆட்டத்துக்கு 152 காய்கள் வேண்டும். சீனப் பெட்டியில் வழக்கமாக 144 காய்கள்தான் இருக்கும், ஜோக்கர் இருக்காது. பார்க்க அழகாக, விலையும் குறைவாக இருப்பது பெரும்பாலும் இதுதான். எட்டு உதிரிக் காய்கள் கூட இருந்தால் ஜோக்கர் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம். காய்களில் மூலையில் எண் அச்சடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நூறு டாலருக்குக் கீழேயும் பெட்டி கிடைக்கிறது, நானூறைத் தாண்டியும் போகிறது. ரேக் (காய்களை நிறுத்தி வைக்கும் நீளச் சட்டம்) சேர்த்தா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனி என்றால் நாலு ரேக்குக்குத் தனியாக அழ வேண்டும்.

3. காய்களை அடையாளம் காண

டாட் (வட்டம்), பேம் (மூங்கில்), கிராக் (சீன எழுத்து) என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, ஒவ்வொரு எண்ணிலும் நாலு காய். ஆக 108. காற்றுத் திசைகள் நாலு, திசைக்கு நாலு, மொத்தம் 16. டிராகன் மூன்று நிறம், நிறத்துக்கு நாலு, மொத்தம் 12. பூ 8, ஜோக்கர் 8.

வழக்கமான குழப்பங்கள் மூன்று. ஒரு பறவை நிற்கும் காய் பூ இல்லை, அது 1 பேம். பூக் காய்களில் 1, 2 என்று எண்கள் இருந்தாலும் கவனிக்க வேண்டாம், எட்டும் ஒன்றேதான். வெறும் கட்டம் போட்டதாகவோ வெறுமையாகவோ இருக்கும் வெள்ளை டிராகனுக்கு மேசையில் சோப் என்று பெயர். அதுவே பூஜ்யமாகவும் வேலை செய்யும்.

ஒரு ஜோடிப் பொருத்தமும் மனப்பாடம் ஆக வேண்டும்: கிராக்குக்குச் சிவப்பு டிராகன், பேமுக்குப் பச்சை, டாட்டுக்கு சோப். கார்டில் இது அடிக்கடி வரும்.

4. கார்டை வாசிக்க

ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கு ஒதுக்குங்கள். காய் இல்லாமலே, கார்டும் பேனாவும் போதும்.

கார்டு பிரிவு பிரிவாக இருக்கும். அந்த வருடத்தின் எண், இரட்டைப்படை எண்கள், ஒரே எண், அடுத்தடுத்த எண்கள், ஒற்றைப்படை எண்கள், திசைகளும் டிராகன்களும், 3-6-9, ஒற்றைகளும் ஜோடிகளும் என்று. ஒவ்வொரு பிரிவிலும் சில வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு கை, ஒவ்வொரு கையிலும் சரியாக 14 காய்.

பாடத்துக்காக நானே எழுதிய ஒரு வரி இது. எந்த வருடக் கார்டிலும் தேட வேண்டாம்:

எஃப்எஃப் 2222 44 666 888

எஃப் என்றால் பூ. ஆக இரண்டு பூ, நாலு 2, இரண்டு 4, மூன்று 6, மூன்று 8. கூட்டினால் 14. இதில் 2222, 44 இரண்டும் பச்சை எழுத்திலும், 666, 888 இரண்டும் சிவப்பு எழுத்திலும் அச்சாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் விழும் பள்ளம் இங்கேதான். பச்சை எழுத்து என்றால் பேம், சிவப்பு என்றால் கிராக் என்று அர்த்தமே இல்லை. நிறம் சொல்வது ஒன்றைத்தான்: ஒரே நிறத்தில் இருப்பவை ஒரே வகை, வேறு நிறத்தில் இருப்பவை வேறு வகை. எந்த வகை என்பது உங்கள் இஷ்டம். மேலே உள்ள வரியை 2, 4 பேமிலும் 6, 8 டாட்டிலும் சேர்க்கலாம். 2, 4 கிராக்கிலும் 6, 8 பேமிலும் சேர்க்கலாம். 2222-ஐ பேமிலும் 44-ஐ டாட்டிலும் சேர்த்தால் மட்டும் செல்லாது, ஏனென்றால் அவை ஒரே நிறம். வரி முழுக்க ஒரே நிறமென்றால் ஒரே வகையில் முடிக்க வேண்டும். மூன்று நிறம் என்றால் மூன்று வகையும் வேண்டும். பூவும் பூஜ்யமும் நீல எழுத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

டிராகனைக் குறிக்கும் டி எழுத்து ஓர் எண்ணின் நிறத்திலேயே இருந்தால், அந்த வகைக்குப் பொருந்தும் டிராகன் வேண்டும். முன்னால் சொன்ன ஜோடிப் பொருத்தம் இங்கேதான் உதவும்.

வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். எந்த எண்களுக்குப் பொருந்தும், எத்தனை வகை என்பதெல்லாம் அதில்தான். அதைப் படிக்காமல் வரியைப் படித்தது கணக்கில்லை. அடுத்தடுத்த எண்கள் பிரிவில் 1, 2, 3 என்று அச்சடித்திருந்தாலும், எந்த மூன்று தொடர் எண்ணும் செல்லும் என்று அந்தக் குறிப்பு சொல்லும். இரட்டைப்படைப் பிரிவில் அந்தச் சலுகை இல்லை.

வலது ஓரத்தில் எக்ஸ் அல்லது சி. எக்ஸ் என்றால் மற்றவர் எறிந்த காயைக் கேட்டு வாங்கி, வெளியே காட்டிச் சேர்க்கலாம். சி என்றால் முழுக் கையும் மறைவாகவே சேர வேண்டும், கடைசிக் காய் ஒன்றை மட்டும் அடுத்தவரிடமிருந்து எடுக்கலாம். அதற்குப் பக்கத்தில் இருக்கும் 25, 30 போன்ற எண் அந்தக் கையின் விலை, சென்ட் கணக்கில்.

தொடக்கத்தில் சி வரிகளையும், ஒற்றை-ஜோடிப் பிரிவையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பவற்றில் மூன்றும் நாலுமாகக் கூட்டம் (2222, 666 போல ஒரே காய் சேர்ந்து வருவது) வரும் எக்ஸ் வரிகளை மட்டும் பாருங்கள். கண்ணுக்கு முன் இருக்கும் வரிகள் பாதியாகக் குறைந்தாலே படபடப்பு போய்விடும்.

5. சுவர் கட்டி, பங்கிட

காய்களைக் கவிழ்த்துக் கலைத்து, ஒவ்வொருவரும் தன் ரேக்குக்கு முன்னால் 19 நீளம், 2 அடுக்காகச் சுவர் கட்ட வேண்டும். கிழக்கு என்று அழைக்கப்படுபவர் பகடை உருட்டி, தன் சுவரின் வலது முனையிலிருந்து அத்தனை அடுக்கு எண்ணி உடைப்பார். நந்நான்காக மூன்று தடவை எல்லோரும் எடுப்பார்கள். கடைசியில் கிழக்கு இரண்டும் மற்றவர்கள் ஒன்றும். கிழக்குக்கு 14, மற்றவர்களுக்கு 13. இதை மேசையில் ஒரு தடவை பார்த்தாலே புரிந்துவிடும்.

6. சார்ல்ஸ்டன்

ஆட்டம் தொடங்கும் முன் வேண்டாத காய்களை மும்மூன்றாகக் கைமாற்றும் சடங்கு இது. முதல் சுற்று: வலது, எதிர், இடது. இது கட்டாயம். இரண்டாம் சுற்று: இடது, எதிர், வலது. இதை நாலு பேரில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கொடுக்க மூன்று காய் இல்லையென்றால் நிறுத்துங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் எதிரே இருப்பவரோடு மூன்று வரை மாற்றிக்கொள்ளலாம். இருவரில் யார் குறைவாகச் சொல்கிறாரோ அந்த எண்ணிக்கைதான்.

ஜோக்கரை மட்டும் எந்தச் சுற்றிலும் கொடுக்கக் கூடாது. அப்புறம், ஒவ்வொரு சுற்றின் மூன்றாவது மாற்றலில், கொடுக்க மூன்று இல்லாவிட்டால், உங்களுக்கு வரும் காய்களில் ஒன்றையோ இரண்டையோ மூன்றையுமோ பார்க்காமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம்.

எதைக் கொடுப்பது? ஒரு கையைப் பார்ப்போம். 2 பேம் இரண்டு, 4 பேம், 6 கிராக், 8 டாட் இரண்டு, 2 டாட், ஒரு பூ, 1 கிராக், 9 பேம், 5 டாட், வடக்கு, கிழக்கு. மொத்தம் 13. புதியவர் இதை வைத்துக்கொண்டு கார்டில் ஒவ்வொரு வரியாகத் தேடுவார். நாலாவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும், மற்ற மூவரும் கொடுக்கவேண்டிய காயைத் தயாராக வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரியைத் தேடாதீர்கள், பிரிவைத் தேடுங்கள். இரட்டைப்படை மட்டும் ஏழு இருக்கிறது, பூ வேறு. முடிந்தது, இரட்டைப்படைப் பிரிவு. வடக்கு, கிழக்கு, 9 பேம் முதலில் போகட்டும். அடுத்து 1 கிராக், 5 டாட். வந்த காய்களைப் பார்த்த பிறகு அந்தப் பிரிவுக்குள் இரண்டு வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மேலே எழுதிய வரியையே எடுத்தால், 2 பேம் இரண்டு, 4 பேம், 8 டாட் இரண்டு, பூ என்று ஆறு காய் இப்போதே பொருந்துகிறது. அது மோசமில்லை.

ஜோடிகளையும் பூக்களையும் முடிந்தவரை கொடுக்காதீர்கள். ஒரே மாதிரி இரண்டு காயைச் சேர்த்துக் கொடுப்பது அடுத்தவருக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

7. எடுப்பது, எறிவது, கேட்பது

கிழக்கு முதல் காயை எறிவார். ஆட்டம் வலது பக்கமாகப் போகும். உங்கள் முறை வந்தால் சுவரிலிருந்து ஒன்று எடுத்து, ஒன்றை அதன் பெயரை உரக்கச் சொல்லி நடுவில் வைக்க வேண்டும்.

யாராவது எறிந்த காய் வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. மூன்றோ அதற்கு மேலோ உள்ள கூட்டம் அந்தக் காயோடு முழுமையாக வேண்டும். ஜோடிக்கோ ஒற்றைக்கோ கேட்க முடியாது, அந்தக் காயோடு ஆட்டமே முடிகிறது என்றால் தவிர. நம் வரியில் 2222-க்கு மூன்று கையில் இருந்தால் நாலாவதைக் கேட்கலாம். 44-க்கு இடையில் கேட்க முடியாது.

கேட்டு வாங்கிய கூட்டத்தை ரேக்கின் மேல் திறந்து வைக்க வேண்டும். 222 என்று மூன்றை வைத்து, அடுத்த காயையும் எறிந்துவிட்டால் அது மூன்றுதான். நாலாவதைப் பின்னால் கொண்டுவந்து ஒட்ட முடியாது. வைக்கும் முன் கார்டை இன்னொரு தடவை பாருங்கள்.

நேரமும் முக்கியம். அடுத்தவர் சுவரிலிருந்து எடுத்த காயைத் தன் ரேக்கில் வைத்துவிட்டால், முன்னால் எறிந்த காய் போனதுதான். வேகமான மேசைகளில் இது கண் சிமிட்டும் நேரம். புதியவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கொஞ்சம் மெதுவாக எடுப்பார்கள்.

ஒரே காயை இருவர் கேட்டால், எறிந்தவருக்கு அடுத்த முறையில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு. ஆனால் அதில் ஒருவர் ஆட்டத்தை முடிக்கிறார் என்றால் அவருக்குத்தான்.

8. ஜோக்கர்

மூன்று அல்லது அதற்கு மேல் உள்ள கூட்டத்தில் எந்தக் காய்க்குப் பதிலாகவும் ஜோக்கரை வைக்கலாம். ஒற்றையிலும் ஜோடியிலும் எக்காரணம் கொண்டும் கூடாது. நம் வரியில் 2222, 666, 888 மூன்றிலும் வைக்கலாம். பூ இரண்டும், 4 இரண்டும் நிஜக் காயாகவே வர வேண்டும். அதனால்தான் ஜோடி அதிகமுள்ள வரிகளைத் தவிர்க்கச் சொன்னேன்.

யாராவது திறந்து வைத்த கூட்டத்தில் ஜோக்கர் இருந்து, அதன் நிஜக் காய் உங்களிடம் இருந்தால், உங்கள் முறையில் காய் எடுத்த பிறகு, எறிவதற்கு முன், கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். உங்கள் சொந்தக் கூட்டத்திலிருந்தும் எடுக்கலாம். புதியவர்கள் இதை மறந்தே போவார்கள். ஒவ்வொரு முறையும் எறிவதற்கு முன் நாலு ரேக்கின் மேலேயும் ஒரு பார்வை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். எறிந்த ஜோக்கரை யாரும் கேட்க முடியாது.

9. கை செத்துப்போகும் இடங்கள்

காய் எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ, திறந்து வைத்த கூட்டங்கள் கார்டில் எந்த வரிக்கும் பொருந்தாவிட்டாலோ, சி வரிக்கான கூட்டத்தைத் திறந்துவிட்டாலோ, கை செத்தது. அதற்குப் பிறகு எடுக்கவும் முடியாது, எறியவும் முடியாது. ஆனால் ஜெயித்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும். சார்ல்ஸ்டன் முடிந்ததும் ஒரு தடவை எண்ணுங்கள்.

மாஜாங் என்று யாராவது சொன்னவுடன் (ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம்) உங்கள் காய்களைக் கலைக்காதீர்கள். அவருடைய கையைக் கார்டோடு வைத்து எல்லோரும் சரிபார்க்கட்டும். தப்பாகச் சொல்லியிருந்தால், கலைக்காமல் வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஆடலாம்.

10. காசு

பயப்படும் தொகை இல்லை. 25 விலையுள்ள கையை ஒருவர் முடித்தால், கடைசிக் காயை எறிந்தவர் இரட்டிப்பாக 50 சென்ட், மற்ற இருவர் 25 சென்ட், மொத்தம் ஒரு டாலர். தானே சுவரிலிருந்து எடுத்து முடித்தால் மூவரும் 50 சென்ட். ஜோக்கரே இல்லாமல் முடித்தால் இன்னொரு மடங்கு, ஒற்றை-ஜோடிப் பிரிவைத் தவிர. சுவர் தீர்ந்து யாரும் முடிக்கவில்லையென்றால் யாருக்கும் ஒன்றுமில்லை. பல மேசைகளில் பை என்று ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள், ஐந்து டாலர் போல. அது தீர்ந்த பிறகு தோற்றாலும் கொடுக்க வேண்டாம். காசே இல்லாமல் ஆடும் மேசைகளும் உண்டு, நூலகங்களில் பெரும்பாலும் அப்படித்தான்.

11. முதல் நாள் போகும்போது

இரண்டு, மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு போங்கள். உங்கள் கார்டு, காசு வைத்து ஆடும் மேசை என்றால் 25 சென்ட் சில்லறை, படிக்கும் கண்ணாடி. உட்காரும் முன் கேட்க வேண்டியவை: எந்த வருடக் கார்டு, காசு உண்டா, உச்சவரம்பு எவ்வளவு, வீட்டு விதிகள் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு மூன்றாவது ஆட்டத்தில் ஒரு விதியை எடுத்து நீட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முடிந்தால் முதல் ஒரு மணி நேரம் ஆடாமல் ஒருவர் பின்னால் உட்கார்ந்து, அவர் எந்தப் பிரிவை ஏன் எடுக்கிறார் என்று பாருங்கள். அவர் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள்.